கருங்காலிக்குள் ஒரு வாத்து

செப்டம்பர் 8, திங்கள்

மாமாவின் சட்டை முதுகில் ‘பாதி விலை’ சீட்டை ஒட்டினேன். அவர் அதோடு தெருமுனைக்குப் போய்த் தேநீர் குடித்து, வங்கிக்கும் போய்விட்டு வந்தார். “இன்னிக்கு என்னமோ எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க, வாலு. நல்ல நேரம் வருதுபோல” என்றார். உங்கள் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது மாமா என்றேன்.

நல்ல நேரம் உண்மையிலேயே வந்தது. மதியம், ஒரு பெட்டியில்.

கடல் தாண்டி வந்த மரப்பெட்டி. மாமா நெம்பித் திறந்தார். உள்ளே அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் நீல வெல்வெட், அதற்குள் துண்டு துண்டாக ஒரு கிளாரினெட். புதுச் செருப்பும் பசையும் கலந்த வாசனை. மாமா இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறாரே தவிர, அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே கருவி கடையின் அழைப்பு மணி. படத்தைப் பார்த்துப் பார்த்துத் துண்டுகளைப் பொருத்தினார்.

கறுப்புக் குழல். அதன்மேல் வெள்ளியாக மின்னும் கம்பிகள், வளையங்கள், சின்னச் சின்ன வட்ட மூடிகள். இங்கே ஒன்றை அழுத்தினால் அங்கே ஒன்று எழுந்து நிற்கிறது. ஒன்று திறக்கும்போது இன்னொன்று தானே மூடிக்கொள்கிறது. ஒரு குழலுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது — யார் இதை உட்கார்ந்து யோசித்தார்கள்? கிண்டல் பண்ணவே மறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

அட்டையில் தங்க எழுத்தில் போட்டிருந்தது: அசல் கருங்காலி மரம்.

“கருங்காலி!” என்று கத்தினார் மாமா.

“யாரைத் திட்டறீங்க?”

“மரத்தைச் சொன்னேன்டி!”

எங்கள் பள்ளியில் புதிதாக பேண்ட் வாத்தியக் குழு தொடங்குகிறார்கள். பேண்ட் சார் பார்த்துச் சரி என்றால் மொத்தப் பெட்டியும் பள்ளிக்குப் போகும். “இந்தப் பெட்டி போனாத்தான் கடை நிக்கும்” என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

முதல் கிளாரினெட்டைப் புள்ளிக்குக் கொடுத்தார். புள்ளி என் தங்கை, ஆறாம் வகுப்பு. வகுப்புப் புகைப்படத்தில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் அப்பா வைத்த பெயர். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தாள். தூக்குகிறேன் என்றால் தரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

புள்ளி ஊதினாள். குழலிலிருந்து ‘க்வாக்’ என்று வாத்து வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்க்காரர் துடைப்பக் கட்டையால் தட்டி வரவேற்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

இந்தக் கிளாரினெட்டிடம் ஒரு மாயம் இருக்கிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இடது கை விரல்களை மட்டும் வைத்துப் புள்ளி ஊதினால் நன்றாகத்தான் வருகிறது, கொஞ்சம் தடிமன் பிடித்த குரல், அவ்வளவுதான். அப்புறம் பின்பக்கம் கட்டைவிரலுக்கு மேல் ஒரு சின்னக் கீ, விரலால் அழுத்தும் கட்டை. அதைத் தொட்டாள். விரல் எதையும் மாற்றவில்லை, மூச்சையும் மாற்றவில்லை — அதே குழல் வேறொரு ஆளின் குரலில் பேசியது! சரிகமவின் எட்டுப் படியோடு நிற்பதில்லை, அதையும் தாண்டி எங்கோ மாடியில் போய் நிற்கிறது. ஒரு துளை, ஊசிமுனை அளவு. அது திறந்ததும் சத்தம் தாவிவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். “நீதான் கிண்டல் பண்ணுவியே?” என்று சந்தேகமாகப் பார்த்தாள். இதில் என்ன கிண்டல் பண்ண!

வாத்து எங்கே இருக்கிறதென்றால், கீழே. வலது கை விரல்களும் சேர்ந்து, கடைசியாகச் சுண்டுவிரலும் ஒரு கீயை அழுத்த வேண்டும். எல்லாம் மூடினால் அடி ஆழத்திலிருந்து ஒரு சத்தம் வருமாம். புள்ளிக்கு அங்கேதான் வாத்து.

இன்றைக்கு பேண்ட் வகுப்பில் சார் சொன்னாராம்: “மூச்சு பத்தலைம்மா. இன்னும் வயித்துலேருந்து ஊது.” அக்டோபர் மூன்றாம் தேதி சார் ஆள் எடுக்கிறார். கீழ்ச் சத்தம் வராதவர்களுக்குக் கிளாரினெட் கிடையாது, கொடி பிடிக்கும் வரிசை.

“நான் கொடி பிடிக்க மாட்டேன்” என்றாள் புள்ளி.

“கொடி உன்னைப் பிடிச்சுக்கும், பறந்து போகாம” என்றேன். எப்போதும் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பழைய விளையாட்டைப் போட்டுச் சமாதானம் செய்தேன். கை என்னுது, வாய் உன்னுது. அவள் நாற்காலியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார, நான் பின்னால் ஒளிந்து அவள் அக்குள் வழியாகக் கையை நீட்டி ஊட்டுவேன். பாதி மூக்குக்குப் போகும். அம்மா, “ரெண்டு கழுதையும் எந்திரிங்க” என்றாள். புள்ளி சிரித்துவிட்டாள். கணக்குச் சரி.

செப்டம்பர் 13, சனி

மாமாவுக்கும் எனக்கும் சண்டை. இது மரமா, இல்லையா?

பெட்டியில் போட்டிருக்கிறதே என்கிறார் மாமா. சோப்புப் பெட்டியில்கூடத்தான் ரோஜாப் படம் போட்டிருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்தது எப்படி என்றால், குழல்மேல் மரத்தின் ரேகை மாதிரி கோடுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாக் கோடும் நேராக, ஒழுங்காக, வகுப்பில் முதல் பெஞ்சு மாதிரி. எந்த மரம் இவ்வளவு நல்ல பிள்ளை?

“சோதிச்சுடுவோம். அசல் கருங்காலின்னா தண்ணியில முங்கும். மத்த மரமெல்லாம் மிதக்கும்” — இது மாமாவின் யோசனை. பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், மாமாவின் யோசனை.

கடைக்குப் பின்னால் வாளி. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, முழுக் கிளாரினெட்டையும், கீ, கம்பி, மூடி எல்லாவற்றோடும் உள்ளே விட்டார். குளுக் என்று போய் அடியில் படுத்துக்கொண்டது.

“பாத்தியா! பாத்தியா!” மாமா கையைத் தட்டிக் குதித்தார்.

நான் என் சீப்பை எடுத்து வாளிக்குள் போட்டேன். கறுப்பு பிளாஸ்டிக் சீப்பு. அதுவும் அடியில் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

இரண்டு பேரும் வாளியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அப்ப உன் சீப்பும் கருங்காலியா?” என்று கேட்டார், மெதுவாக.

வெளியே எடுத்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் ஒரு குட்டி மெத்தை ஒட்டியிருக்கிறது, துளையை இறுக மூட. எல்லா மெத்தையும் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதிப்போயிருந்தது. ஒரு மூடியும் உட்காரவில்லை. முதல் பலி.

பலியானதுதானே என்று மாமா அதை அறுத்துப் பார்த்துவிட்டார். ரம்பத்தில் எரிந்த பிளாஸ்டிக் வாசனை. உள்ளே வெட்டுமுகம் கறுப்பு, ஒரே கறுப்பு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. ரேகை மேலே மட்டும்தான். யாரோ உட்கார்ந்து கம்பி நாரால் கோடு கோடாகத் தேய்த்திருக்கிறார்கள்! எத்தனை குழல், எத்தனை கோடு! பொய்தான். ஆனால் எவ்வளவு பொறுமையான பொய். எனக்குக் கோபம் வரவில்லை, தொழில்முறை மரியாதைதான் வந்தது.

மாமா வெட்டின துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். இன்றைக்கு அவர் முதுகில் எதுவும் ஒட்டவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேண்ட் சார் கடைக்கு வந்தார். மாமா முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்: “சார், மரம்னு போட்டிருக்கான். பிளாஸ்டிக்.”

சார் தோளைக் குலுக்கினார். “பிள்ளைங்களுக்கு அதுதான் நல்லது. வெயில்ல வெடிக்காது.” கடைக் கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு நிஜ மரக் கிளாரினெட் இருக்கிறது, விற்பனைக்கு அல்ல, அழகுக்கு. அதையும் எடுக்கச் சொன்னார். எங்கள் எல்லோரையும் சுவர் பக்கம் திரும்பி நிற்கவைத்து, மாற்றி மாற்றி வாசித்தார்.

“இதுதான் மரம்!” என்றார் மாமா. பிளாஸ்டிக். “அப்ப இது பிளாஸ்டிக்!” மரம். கடைசியில் ஒரு தடவை, “சத்தியமா இது மரம் சார், அதோட வாசனையே வருது” என்றார். பிளாஸ்டிக்.

நான் சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. சார் வாசித்தது எங்கிருந்தோ தரைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. என் சீப்பைச் செய்த அதே சரக்கு. என் சீப்புக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறதா? குழல் சும்மா வேலிதான், பாடுவது உள்ளே நிற்கிற காற்று என்றார் சார். காற்று! பிடித்துக் காட்ட முடியாத ஒன்று, சுவரில் தொங்கிய கிடாரின் கம்பிகளை அதிரவைத்தது. யாரும் தொடாமலே அவை முனகின. நான் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டேன்.

இத்தோடு நாள் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புள்ளி தன் கிளாரினெட்டை நீட்டினாள். “சார், இதையும் ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.” அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். சார் வாங்கினார், ஊதினார். மேலே, கீழே, அடி ஆழம் வரை. அருமையாக வந்தது. வாத்துக்கு ஒரு இறகுகூட இல்லை.

“கருவி நல்லாத்தாம்மா இருக்கு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

புள்ளி வாங்கிக்கொண்டாள். துடைத்தாள். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி நீல வெல்வெட்டில் வைத்தாள். பெட்டியை மூடும்போது சத்தமே வராமல் மூடினாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கிளாரினெட் அலமாரிக்கு மேல் போய்விட்டது. நாற்காலி போட்டு ஏறி அவளே வைத்திருக்கிறாள்.

“எனக்கு மூச்சு இல்லக்கா. சார் ஊதினா வருது, நான் ஊதினா வரலை. வேற என்ன?”

வேற என்ன.

ஆனால் ஒன்று இடிக்கிறது. அம்மா திட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஊதிப் போட்டி போடுவோம், யார் மூச்சு கடைசிவரை தாங்குகிறது என்று. ஒரு தடவைகூட நான் ஜெயித்தது கிடையாது. என் காற்று போய், கண் பிதுங்கி, நான் இருமும்போது அவள் இன்னும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சைக்கிள் டியூப் மாதிரி போய்க்கொண்டிருப்பாள். இவளுக்கா மூச்சு இல்லை?

சுவர்க்காரர் தட்டவே இல்லை. தட்டினால் தேவலை போலிருந்தது.

செப்டம்பர் 17, புதன்

வரிசையாக எழுது, வாலு. வரிசையாக.

புள்ளியைச் சிரிக்கவைக்க, இல்லாவிட்டால் அலறவைக்க, ஒரு திட்டம் போட்டேன். அலமாரி மேலிருந்து கிளாரினெட்டை எடுத்துப் பொருத்தினேன். மாமா கடை ஜன்னலில் தொங்கும் அலங்கார விளக்குச் சரம், குண்டுமணி அளவு பல்புகள், அதைக் குழலுக்குள் விட்டேன். துணி அலமாரிக்குள் சட்டைகளுக்கு நடுவே நிற்கவைத்தேன். இருட்டில் துளைகள் எல்லாம் கண்ணாக எரியும். அவள் சீருடை எடுக்கக் கதவைத் திறப்பாள். பேய்!

திறந்தாள். அலறவில்லை. அப்படியே பார்த்தாள். நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன் — ஐயோ, அழகு. கறுப்பே தெரியவில்லை, துளைகள் மட்டும் வானத்தில் தொங்கின.

“அக்கா, உள்ள வா” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டோம். முழங்கால் மூக்கில் இடித்தது. அவள் ஒவ்வொரு விரலாக வைத்து மூடினாள். ஒவ்வொரு கண்ணாக அணைந்தது. கடைசியாகச் சுண்டுவிரல். அடியில் இருக்கும் பெரிய மூடி இறங்கியது. எல்லாம் இருட்டு.

எல்லாம் இல்லை.

“அங்க ஏன் வெளிச்சம் வருது? நான் மூடித்தானே இருக்கேன்?”

அந்தப் பெரிய மூடியின் ஓரத்தில், வெட்டின நகம் மாதிரி ஒரு மெல்லிய வெளிச்சம். பிறை. அத்தனை சின்னது, அத்தனை கூர்மை. “நல்லா அழுத்து” என்றேன். அவள் பல்லைக் கடித்து அழுத்தினாள். பிறை கொஞ்சம் தேய்ந்தது, போகவில்லை. நான் என் கட்டைவிரலை அவள் சுண்டுவிரல்மேல் வைத்து நசுக்கினேன். அணைந்தது. கையை எடுத்தேன். திரும்ப வந்தது.

மெத்தை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்! கடல் கடந்த கோணல், தலைமுடி அளவு!

காற்று அந்த வழியாக ஓடிவிடுகிறது. வாத்து அங்கேதான் குடியிருக்கிறது!

“சார் விரல் பெருசு” என்றாள் புள்ளி, இருட்டில். “அவர் அழுத்தறது அவருக்கே தெரியாது.”

நான் நினைத்துக்கொண்டே இருந்ததை அவள் சொல்லிவிட்டாள். நன்றாக வாசிப்பவருக்குக் கெட்ட கிளாரினெட்டே கிடையாது. குற்றம் வரும் முன்னே விரல் போய் அதை அமுக்கிவிடுகிறது. எல்லோரும் எதையும் சோதிக்க சாரிடம் கொடுக்கிறோம் — அவர்தான் கண்டுபிடிக்கவே முடியாத ஆள்!

அம்மா அலமாரியைத் திறந்து, “இதுங்க எனக்குத்தான் பொறந்துச்சா?” என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

கடையின் சாமான் அறையில் கதவைச் சாத்தி, ஒவ்வொரு கிளாரினெட்டுக்குள்ளும் விளக்கை விட்டுப் பார்த்தோம். சிலது இருட்டாகவே இருக்கின்றன, சமத்து. பலதில் பிறை. ஒன்றில் இரண்டு பிறை. ஒரே பெட்டி, ஒரே அச்சு, ஒரே வெல்வெட். வெளியில் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியம். அறுத்த கிளாரினெட்டின் ஒரு கீயை வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை, பட்டென்று முறிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று வார்ப்பு உலோகம். வெள்ளி நிறம் வெறும் மேல்பூச்சு. அலமாரியில் இருக்கும் மரக் கிளாரினெட்டின் கீயை வளைத்துப் பார்க்க மாமா விடவில்லை. நியாயம்தான்.

ஆனால் பிறை விஷயத்தில் மாமா சொன்னது நியாயமே இல்லை.

“சார் வாசிச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டார். விடு.”

“மாமா, காத்து போகுது.”

“எனக்குக் கடையே போகும்டி! திருப்பி அனுப்புன்னு சொல்லிட்டா? யாருக்கு அனுப்ப? கடலுக்கா?”

“அப்ப நீங்களே புள்ளிகிட்டச் சொல்லிடுங்க. தப்பு அவ மூச்சுலதான்னு.”

நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. புள்ளி கதவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், விளக்குச் சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு. மாமா அவளைப் பார்த்தார். பிறகு கிடார்க் கம்பி உறைகளை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினதையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

நானும் புள்ளியும் வீட்டுக்கு வந்தோம்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். “சாரை நாளைக்கு வரச் சொல்லிருக்கேன். எல்லாத்தையும் சொல்லிடலாம்.” அப்புறம், “முதுகுல ஏதாவது ஒட்டினே, கொன்னுடுவேன்.”

செப்டம்பர் 20, சனி

எப்படி எழுதுவது. முதலில் தோற்றுப்போனதை எழுதுகிறேன்.

சாமான் அறையில் சாரிடம் பிறையைக் காட்டினோம். குனிந்து பார்த்தார். “இருக்கு. ஆனா இவ்வளவு சின்ன வெளிச்சத்துல என்ன ஆகிடப்போகுது?” புள்ளியின் கிளாரினெட்டை வாங்கி மறுபடி ஊதினார். மறுபடி அருமையாக வந்தது. “லேசாத்தான் வெச்சிருக்கேன் பாருங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கைக்கு அதுதான் லேசு. “எனக்கு வருதே, என்ன செய்ய?”

மாமா என்னைப் பார்த்தார். நான் புள்ளியைப் பார்த்தேன். புள்ளி அவள் செருப்பைப் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் — எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை — சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது.

“சார், ஒரு விளையாட்டு. வாய் உங்களுது, கை புள்ளியோடது.”

“என்னது?”

“நீங்க ஊதுங்க. விரல் மட்டும் அவ வெப்பா.”

சார் சிரித்துவிட்டார். ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்தார். புள்ளி பின்னால் நின்று அவர் அக்குள் வழியாகக் கையை நீட்டினாள். கை எட்டவில்லை. மாமா ஒரு பெட்டியைக் காலடியில் போட்டார். சாரின் உடம்பிலிருந்து இரண்டு குட்டிக் கைகள் முளைத்த மாதிரி இருந்தது, வேறொரு நாளாக இருந்தால் நான் தரையில் உருண்டிருப்பேன். ஒவ்வொரு விரலாக வைத்தாள். சார் ஊதினார். இறங்கியது, இறங்கியது, சத்தம் நெய் மாதிரி இறங்கியது. சுண்டுவிரலை வைத்தாள்.

வாத்து!

பேண்ட் சாரின் வாயிலிருந்து! அவருடைய அத்தனை வருஷ மூச்சிலிருந்து, சுத்தமான, அசல், எங்கள் வீட்டு வாத்து!

சார் ஊதுவாயை எடுத்துப் பார்த்தார். மறுபடி ஊதினார். மறுபடி வாத்து. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. நான் முதல் நாள் பெட்டியைப் பார்த்தேனே, அப்படி இருந்தது.

“இப்ப மாத்துவோம்” என்றார், அவராகவே. எழுந்து புள்ளியைத் தனக்கு முன்னால் நிறுத்தி, குனிந்து, அவள் தோளுக்கு இருபுறமும் கையைக் கொண்டுவந்து கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டார். “வாய் உன்னுது, கை என்னுது. ஊது.”

புள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் இடது கைச் சத்தம். பிறகு ஒவ்வொரு விரலாக அவர் வைக்க வைக்க, ஒவ்வொரு படியாக இறங்கினாள். சுண்டுவிரல். அங்கே — அங்கே தரை இருந்தது. அவ்வளவு ஆழம் இந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது? சத்தம் வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே கடைச் சுவரில் கிடார்கள் முனக ஆரம்பித்தன. மேசைமேல் இருந்த திருகாணிகள் நடுங்கின. சார் விரலை எடுக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. சைக்கிள் டியூப். எனக்குத் தெரியும் அவள் நிறுத்தமாட்டாள் என்று, அந்தப் போட்டியில் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. பெட்டியின் தூசியாக இருக்கும்.

அவள் நிறுத்தினாள். கிடார்கள் மட்டும் கடைசியாகக் கொஞ்சம் பேசின.

“மூச்சு பத்தலைன்னு சொன்னேன்ல?” என்றார் சார்.

புள்ளி தலையாட்டினாள்.

“இவ்வளவு மூச்சை வெச்சுக்கிட்டு நீ எப்படிம்மா சும்மா கேட்டுட்டு இருந்தே?”

செப்டம்பர் 21, ஞாயிறு

சார் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. நிபந்தனை ஒன்று: இனி அவர் வாசித்துப் பார்க்க மாட்டாராம். புள்ளி வாசித்துப் பார்க்க வேண்டும். அவள் விரலுக்குக் கீழ்ச் சத்தம் தருகிற கிளாரினெட் பள்ளிக்கு. தராதவற்றுக்கு மாமா மெத்தை மாற்றித் தர வேண்டும், பிறகு மறுபடி புள்ளி. மாமா மெத்தையைச் சூடுகாட்டிச் சரியாக உட்காரவைக்கக் கற்றுக்கொள்கிறார். முதல் முயற்சியில் மெத்தை நேராகவும் மாமாவின் விரல் கோணலாகவும் ஆயின.

செப்டம்பர் 27, சனி

சோதனை நாள். புள்ளி முக்காலியில் ராணி மாதிரி. நான் பொருத்தித் தருகிறேன், மாமா வாங்கி வைக்கிறார். முதலில் விளக்கு, பிறகு ஊதல். நல்லதற்குப் பச்சைப் புள்ளி, கெட்டதற்குச் சிவப்புப் புள்ளி. “எல்லாத்துலயும் என் பேரையே ஒட்டறீங்க” என்றாள். அடடா, அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டது.

மதியத்துக்குள் அவளுக்கு விளக்கே தேவைப்படவில்லை. ஊதினதும், “இதுல அடி மூடி”, “இதுல நடுவுல ஏதோ”, “இதுல என் தப்பு, இருங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பிறகு விளக்கை விட்டுப் பார்த்தால் அங்கேயேதான் பிறை. நான் எத்தனை தடவை பார்த்தும் நம்ப முடியவில்லை. இவள் காலையில் என் பற்பசையில் உப்புப் போட்ட அதே ஆள்தானா? (அது தனியாகக் கவனிக்கப்படும்.)

ஒன்றை ஊதிவிட்டுக் கீழே வைக்கவே இல்லை. மாமா ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது: மேல்பூச்சில் கொப்புளம், வாயில் கீறல், தங்க எழுத்து கோணலாக அச்சாகியிருக்கிறது. “இது யார் வாங்குவா?” என்று மாமாவே விட்டுவிட்ட ஒன்று.

“இது எனக்கு” என்றாள்.

“அதுவா? மூஞ்சியைப் பாரு அதுக்கு.”

“நீங்க கண்ணை மூடிட்டுக் கேளுங்க மாமா.”

மூடிக்கொண்டார். கேட்டார். “மரம்” என்றார்.

அட்டைகளில் ‘அசல் கருங்காலி மரம்’ என்ற இடத்தின்மேல் ஒட்டுவதற்கு மாமா என்னிடம் சீட்டு எழுதச் சொன்னார். எழுதினேன்: ‘மரம் அல்ல. ஆனால் பாடும்.’ நான் எழுதி அவர் விரும்பி ஒட்டிய முதல் சீட்டு.

அக்டோபர் 3, வெள்ளி

கொடி பிடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கப் புள்ளி மாலையில் கீழ்ச் சத்தத்தில் தொடங்கி மேலே ஏறி, திரும்பக் கீழே வந்து நிற்கிறாள். அம்மா சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் கேட்கிறாள், கேட்கவில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அப்பா செய்தித்தாளைப் பக்கம் திருப்புவதே இல்லை. சுவர்க்காரர் துடைப்பத்தைப் பெருக்குவதற்கு மட்டும் பயன்படுத்துகிறார் போல.

இன்றைக்கு அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். கிளாரினெட் நாற்காலியில் இருந்தது. கொப்புளம், கீறல், கோணல் எழுத்து. நான் இத்தனை நாளில் ஒரு தடவைகூட ஊதிப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. எடுத்தேன். அவள் வைக்கிற மாதிரியே விரல்களை வைத்தேன். சுண்டுவிரலையும் வைத்தேன். வயிற்றிலிருந்து ஊதினேன்.

வாத்து.

தும் தும் தும் என்று சுவர்.

சமையலறையிலிருந்து புள்ளியின் குரல்: “அக்கா, மூச்சு பத்தலை!”

விளக்குச் சரத்தை எடுத்து உள்ளே விட்டு, அலமாரிக்குள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மூடிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிறைகூட இல்லை.